எந்த ஃபைபர் போட்டீர்கள் என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நெல், தண்ணீர், மண் இதையெல்லாம் எங்கே கொடுத்துப் பரிசோதிக்கலாம், என்ன கட்டணம், முடிவு வர எத்தனை நாள் ஆகும் என்று போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தீர்கள். நல்ல காரியம். எங்கள் ஊர் டீக்கடையில் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டியே வைத்துவிட்டார்கள். அதில் ஒரு மூலையில், அறிக்கையில் ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை என்கிற மாதிரி ஒரு வரி இருந்தது பாருங்கள், அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீண்டுவிட்டது. இடமில்லையென்றால் அரிசிக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள், கேன் கதையை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் 11 வருடம் ஒரு ஆய்வகத்தில் ஜி.சி. மெஷினோடு குடித்தனம் நடத்தியவள். கலவையில் இருக்கிற பொருட்களைச் சூடாக்கி ஆவியாக்கி, ஒரு நீளமான மெல்லிய குழாய்க்குள் ஓடவிட்டு ஒவ்வொன்றாகப் பிரிக்கிற மெஷின் அது. இப்போது வேலையை விட்டுவிட்டுக் கும்பகோணத்துக்குக் கிழக்கே சொந்த ஊருக்கே வந்துவிட்டேன். மெஷினைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், இத்தனை கோடி அத்தனை கோடி என்று. மெஷினுக்குள் போவதற்கு முன்னால் நடக்கிற வேலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துபோய்விடுகிறது.

எங்கள் சித்தப்பா வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் ஒரு குட்டை உண்டு. வாய்க்காலில் தண்ணீர் வரும்போது நிரப்பிக்கொண்டு கட்லாவும் ரோகுவும் விட்டு வளர்ப்பார். சில வருடங்களுக்கு முன் குறுவை நடவு முடிந்து ஊரெல்லாம் மருந்து அடித்துக்கொண்டிருந்த சமயம், ராத்திரி கொட்டிய மழையில் மேட்டு வயலின் வரப்பு உடைந்து, அந்தத் தண்ணீர் மொத்தமும் குட்டைக்குள் இறங்கிவிட்டது. அடுத்த நாளுக்கு அடுத்த நாள் விடியும்போது மீனெல்லாம் மல்லாந்து மிதக்கிறது. சித்தப்பா சும்மா விடுகிற ஆள் இல்லை. வீட்டில் காலியாகக் கிடந்த 5 லிட்டர் பிளாஸ்டிக் கேனைக் கழுவி, குட்டைத் தண்ணீரை மொண்டு, அது இரண்டு நாள் திண்ணையில் இருந்து, அப்புறம் பஸ் ஏறி, ஒரு தனியார் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பத்து நாள் கழித்து அறிக்கை வந்தது. மருந்துப் பெயர்கள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் எதிரே என்.டி., என்.டி., என்.டி. ‘கண்டறியப்படவில்லை’ என்பதன் சுருக்கம்தான் அது.

சித்தப்பா அதை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். “ஏம்மா, அவங்க மிஷின்ல ஒண்ணுமே இல்லன்னு வந்துட்டுது. அப்ப மீனெல்லாம் என்ன வெக்கப்பட்டா செத்துச்சு?”

ஒன்று சொல்லிவிடுகிறேன். மருந்தால்தான் செத்தது என்று நான் இன்றைக்கும் அடித்துச் சொல்லமாட்டேன். குட்டையில் பாசி அதிகமாக இருந்து, மேகமூட்டமும் சேர்ந்தால், விடியற்காலையில் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தும் மீன் சாகும், மீன் வளர்க்கிறவர்களுக்கு இது தெரியும். ஆனால் அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு ‘மருந்தில்லை’ என்றும் சொல்ல முடியாது. ஏனென்றால் அறிக்கையின் அடியில் பொடி எழுத்தில் முறை என்ற இடத்தில் இரண்டு விஷயம் போட்டிருந்தார்கள்: எஸ்.பி.எம்.இ., அப்புறம் பி.டி.எம்.எஸ். 100 மைக்ரான். அந்த இரண்டையும் படித்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது, இவர்கள் பட்டியலில் பாதியைப் பிடிக்கவே முடியாத வலையோடு குட்டையில் இறங்கியிருக்கிறார்கள் என்று.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். முன்பெல்லாம் ஒரு லிட்டர் தண்ணீரைப் பிரிபுனலில் ஊற்றி, டைகுளோரோமீத்தேனோ ஹெக்சேனோ சேர்த்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கி, அடுக்கு பிரிந்ததும் கரைப்பானை மட்டும் வடித்து, அதை ஆவியாக்கிச் சுண்டவைத்து, மிஞ்சிய சொட்டை மெஷினில் போடுவோம். ஒரு நாளைக்கு ஏழெட்டு சாம்பிள் செய்தால் சாயங்காலம் தலைவலியோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும். 1990-இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜானுஷ் பாவ்லிஷின் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவரும் ஒரு கட்டுரை போட்டார்கள். தலைமுடி மாதிரி மெல்லிய ஒரு சிலிக்கா இழை, ஒரு சென்டிமீட்டர் நீளம், அதன் மேல் ஒரு பூச்சு. அதை ஊசிக்குள் ஒளித்துவைத்து, சாம்பிள் குப்பியின் ரப்பர் மூடியைக் குத்தி உள்ளே நீட்ட வேண்டியது. தண்ணீருக்குள்ளேயே முக்கலாம், இல்லையென்றால் தண்ணீருக்கு மேலே இருக்கிற காற்றில் தொங்கவிடலாம். கொஞ்ச நேரம் கழித்து இழையை உள்ளே இழுத்துக்கொண்டு, அதே ஊசியை ஜி.சி.யின் சூடான வாயில் குத்தினால், பூச்சில் ஏறியதெல்லாம் ஆவியாகிக் குழாய்க்குள் போய்விடும். கரைப்பானே வேண்டாம். 1993-இல் இது கடைக்கு வந்தது. இதைத்தான் எஸ்.பி.எம்.இ. என்கிறோம், அந்த இழைதான் ஃபைபர்.

(சாம்பிள் போடுகிற கண்ணாடிக் குப்பிக்கு ஆய்வகத்தில் ‘வயல்’ என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேலதிகாரி “அந்த வயலைக் கொஞ்சம் கழுவிட்டு வாங்க” என்றார். டெல்டாவில் பிறந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்கள்.)

விஷயம் முழுக்க அந்தப் பூச்சில் இருக்கிறது. எந்தப் பூச்சோ அதற்கேற்றதுதான் ஏறும். கடையில் வரும் ஃபைபரின் தலையில் அடையாளத்துக்கு நிறம் போட்டிருப்பார்கள். சிவப்பு என்றால் 100 மைக்ரான் (0.1 மில்லிமீட்டர்) கனமுள்ள பி.டி.எம்.எஸ்., அதாவது பாலிடைமெத்தில்சிலாக்சேன், கண்ணாடித் தொட்டிக்கு ஒட்டுப் போடுகிற சிலிகானின் உறவுக்காரன். வெள்ளை என்றால் பாலிஅக்ரிலேட், ஃபீனால் மாதிரி தண்ணீரை விட்டு வர மனமில்லாதவற்றுக்குக் கொஞ்சம் மேல். நீலத்தில் பி.டி.எம்.எஸ்.ஸோடு டைவினைல்பென்சீன் தூள் கலந்திருக்கும், அதைச் சுருக்கமாக டி.வி.பி. என்போம். கறுப்பில் கார்பாக்சென் என்ற கரித்தூள் இருக்கும். சாம்பல் நிறத்தில் கார்பாக்சென், டி.வி.பி. இரண்டுமே இருக்கும்.

முதலில் சிவப்பை எடுத்துக்கொள்வோம், சித்தப்பாவின் கேனுக்குப் போட்டது அதைத்தான். பி.டி.எம்.எஸ். ஏறக்குறைய ஒரு கெட்டியான எண்ணெய். வெண்ணெயைத் திறந்துவைத்தால் பக்கத்தில் இருக்கிற வெங்காய வாசனை அதற்குள் ஏறிவிடுகிறதல்லவா, அதே சங்கதி. பொருள் பூச்சின் உள்ளே போய்க் கரைகிறது. எண்ணெயோடு ஒட்டுகிற பொருள் நன்றாக ஏறும், தண்ணீரோடு ஒட்டுகிற பொருள் ஏறவே ஏறாது. எது எவ்வளவு எண்ணெய்ப் பாசம் உள்ளது என்பதற்கு வேதியியலில் ஒரு அளவு இருக்கிறது: ஆக்டனால் என்ற எண்ணெய் மாதிரியான திரவமும் தண்ணீரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அந்தப் பொருள் எதில் எத்தனை மடங்கு சேர்கிறது என்று. நம் வயலில் அதிகம் புழங்கிய குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்துக்கு அது கிட்டத்தட்ட 50,000 மடங்கு. மோனோகுரோட்டோபாஸ் என்ற இன்னொரு பூச்சிமருந்துக்கு ஒரு மடங்குகூட இல்லை, சுமார் 0.6. ஒன்று தண்ணீரைக் கண்டால் ஓடுகிறது, இன்னொன்று தண்ணீரை விடவே மாட்டேன் என்கிறது.

இப்போது ஒரு கணக்கு. சிவப்பு ஃபைபரில் இருக்கிற பூச்சின் மொத்தக் கன அளவு சுமார் 0.6 மைக்ரோலிட்டர், குண்டூசித் தலையைவிடச் சின்னது. குப்பியில் 10 மில்லி தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பூச்சைவிட 16,000 மடங்குக்கும் மேல். பி.டி.எம்.எஸ். தோராயமாக ஆக்டனால் மாதிரியே நடந்துகொள்ளும் என்று எடுத்துக்கொண்டால், சமநிலை வரும்வரை காத்திருந்தால், குளோர்பைரிபாஸில் முக்கால் பங்கு பூச்சுக்குள் வந்துவிடும். மோனோகுரோட்டோபாஸில்? லட்சத்துக்கு நாலு. ரூபாய்க்கு நாலு பைசா என்றால்கூடப் பரவாயில்லை, இது லட்ச ரூபாய்க்கு நாலு ரூபாய்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரம் 10500, 2012-ஆம் வருடத்தது, அதில் சில மருந்துகளுக்குத் தனித்தனி வரம்பு போட்டிருக்கிறார்கள். லிட்டருக்கு, களைக்கொல்லியான பூட்டாகுளோர் 125 மைக்ரோகிராம், குளோர்பைரிபாஸ் 30, மோனோகுரோட்டோபாஸ் 1. இந்த மூன்றில், சிவப்பு ஃபைபருக்குச் சுலபமாக மாட்டுகிற பொருளுக்குத்தான் தாராளமான வரம்பு, மாட்டாத பொருளுக்கு வரம்பு ஒன்றே ஒன்று. லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் மோனோகுரோட்டோபாஸ் உள்ள தண்ணீரில் 10 மில்லி எடுத்தால் மொத்தமே 10 நானோகிராம்தான் இருக்கும், அதில் லட்சத்துக்கு நாலு என்றால் ஜி.சி.யோடு நிறை அளக்கிற கருவியும் சேர்ந்த வழக்கமான ஜி.சி.எம்.எஸ். ஓட்டத்தில் அது வரைபடத்தில் பீக்காக, அதாவது முகடாக, எழும்பவே எழும்பாது. வரம்பைப்போல் பத்து மடங்கு, நூறு மடங்கு இருந்தாலும் சந்தேகம்தான். அறிக்கையில் என்.டி. என்று வரும், பொய்யும் இல்லை. அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சரி, அப்போது குளோர்பைரிபாஸ் மாதிரியானவை இருந்திருந்தால் மாட்டியிருக்குமே என்று கேட்பீர்கள். இங்கேதான் கேன் வருகிறது. எண்ணெய்ப் பாசம் உள்ள பொருளுக்குப் பிளாஸ்டிக்கும் ஒரு பூச்சுதான். ஃபைபரில் ஒரு சென்டிமீட்டர் இழை, கேனில் உட்சுவர் முழுக்க. மூன்று நாள் திண்ணையிலும் பஸ்ஸிலும் குலுங்கிக்கொண்டு இருந்த தண்ணீரில் அந்த ரகமெல்லாம் கேன் சுவரில் ஏறி உட்கார்ந்திருக்கும். ஆய்வகத்தில் கேனிலிருந்து தண்ணீரைத்தான் ஊற்றி எடுத்தார்கள், கேனை யாரும் சோதிக்கவில்லை. ஆக, எண்ணெய்ப் பாசக்காரர்களைக் கேன் பிடித்துக்கொண்டது, தண்ணீர்ப் பாசக்காரர்களைச் சிவப்பு ஃபைபர் தொடவில்லை. இரண்டுக்கும் நடுவில் என்ன இருந்திருக்கும், ஒன்றும் இல்லாத அறிக்கைதான் இருக்கும். சித்தப்பாவுக்கு இதைச் சொன்னபோது அவர் கேனைத்தான் முதலில் தேடினார். சித்தி அதில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துவிட்டிருந்தார்.

பூச்சைப் பெரிசாக்கினால் போதாதா என்று ஒரு யோசனை வரும், வந்தது. 1999-இல் பி.டி.எம்.எஸ். பூசிய கலக்குக் குச்சி ஒன்றை முன்வைத்தார்கள், தண்ணீருக்குள் போட்டுச் சுழலவிடுவது, அதில் பூச்சு 24 மைக்ரோலிட்டரிலிருந்து நூற்றுக்கு மேல்வரை இருக்கும். எண்ணெய்ப் பாசம் ஆயிரம் மடங்கு உள்ள ஒரு நடுத்தரப் பொருளுக்கு இது பெரிய வரம். ஃபைபரில் நூற்றுக்கு 6 பங்குகூட வராதது, 24 மைக்ரோலிட்டர் குச்சியில் 70 பங்கு வந்துவிடும். ஆனால் மோனோகுரோட்டோபாஸுக்கு இதிலும் ஆயிரத்துக்கு ஒன்றோ ஒன்றரையோதான். அளவு பத்தாத இடத்தில் அளவைக் கூட்டலாம். குணமே ஒத்துவராத இடத்தில் கூட்டி என்ன செய்வது.

அப்போது டி.வி.பி., கார்பாக்சென் பக்கம் போகலாம். இவை வேறு ஜாதி. இங்கே பொருள் உள்ளே கரைவதில்லை, துளைகளின் சுவரில் போய் ஒட்டிக்கொள்கிறது, பாடப்புத்தகத்தில் இதைப் பரப்பு கவர்தல் என்பார்கள். இதற்கு வேகமும் அதிகம், சின்ன மூலக்கூறுகளைப் பிடிக்கிற பலமும் அதிகம். ஆனால் இடம் கொஞ்சம். கல்யாணப் பந்தி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஓடிவந்து உட்கார்ந்தவர்களுக்கு இலை கிடைக்கும். அப்புறம் மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள், உட்கார்ந்திருக்கிற பக்கத்து வீட்டுப் பையனை “நீ அடுத்த பந்தியில உக்காந்துக்கப்பா” என்று எழுப்பிவிடுவார்கள். துளையுள்ள பூச்சிலும் அப்படியே நடக்கும். பத்து நிமிஷத்தில் வெளியே எடுத்தால் ஒரு கணக்கு, ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் பலமாக ஒட்டுகிறவை வந்து பலவீனமாக ஒட்டியவற்றைத் தள்ளியிருக்கும், வேறு கணக்கு. சுத்தமான தண்ணீரில் அளவுகோல் போட்டுக்கொண்டு குட்டைத் தண்ணீரை அதில் ஒப்பிட்டால் தப்பு வருவது இதனால்தான், குட்டையில் பந்திக்கு வந்திருக்கிற கூட்டமே வேறு.

கார்பாக்செனுக்குத் துளை ரொம்பச் சின்னது, வலைக்கண் சின்னது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று கார்பன் உள்ள குட்டி மூலக்கூறையும், கந்தக நாற்றப் பொருட்களையும் அது விடாது. அதே காரணத்தால் பெரிய மூலக்கூறு அதற்குள் சிக்கிவிட்டால் ஜி.சி.யின் சூட்டிலும் லேசில் வெளியே வராது, அடுத்த சாம்பிளில் வந்து எட்டிப்பார்க்கும். போன சாம்பிளில் இருந்ததை இந்த சாம்பிளில் இருப்பதாக எழுதி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. சாம்பல் நிற ஃபைபரில் இதற்கு ஒரு கெட்டிக்காரத்தனம் செய்திருக்கிறார்கள்: உள்ளடுக்கில் 30 மைக்ரான் கார்பாக்சென், அதன் மேல் 50 மைக்ரான் டி.வி.பி. பெரிசுகளை மேலடுக்கே பிடித்துக்கொள்ளும், சின்னதுகள் மட்டும் உள்ளே போகும். அதனால் ‘எல்லாத்துக்கும் சாம்பல் போடு’ என்று ஒரு பழக்கம் ஆய்வகங்களில் வந்துவிட்டது. வாசனைக்கு அது பரவாயில்லை. எல்லாத்துக்கும் என்பதுதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

வாசனை என்றதும் அரிசி. வாசனை அரிசிக்கு அந்த மணத்தைக் கொடுப்பதில் முக்கியமான ஒரு பொருள் 2-அசிட்டைல்-1-பைரோலின், 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பட்டரி என்பவரின் குழு அதை அரிசியில் அடையாளம் கண்டது. தாழைக் குடும்பத்து ரம்பை இலையிலும் இதே பொருள்தான் இருக்கிறது. தண்ணீரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு இருந்தாலே மனித மூக்குக்குத் தெரிந்துவிடும். மெஷினுக்கு அவ்வளவு சுலபமில்லை. ஒருமுறை, சீரக சம்பா என்று சொல்லி வாங்கிய ஒரே பை அரிசியை மூன்று ஃபைபரில் ஓட்டிப் பார்த்தோம். ஆய்வகத்தில் வேலை குறைவாக இருந்த நாட்கள் அவை. சிவப்பில் நோனனால், டெக்கனால் போன்ற நீள வால் உள்ளவையெல்லாம் நெடுநெடுவென்று நின்றன, நாங்கள் தேடிய பைரோலின் தரையோடு தரையாகக் கிடந்தது. கறுப்பில் பென்டனாலும் ஹெக்சனாலும் மலை மாதிரி எழுந்தன, அரிசியின் கொழுப்பு நாள்பட்டுக் கெடும்போது கூடுகிற பொருள்தான் ஹெக்சனால், அதை மட்டும் பார்த்திருந்தால் இது பழைய அரிசி என்று எழுதிக்கொடுத்திருப்போம். சாம்பலில்தான் பைரோலின் ஒழுங்காகத் தலைகாட்டியது. ஒரே அரிசி, மூன்று முகம். அப்பா பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு பிடி அள்ளி முகர்ந்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்.

அந்த ஓட்டத்திலேயே நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் மூன்று ஃபைபரிலும் வராத ஒரு புதுப் பீக் இரண்டாம் நாள் வந்தது. அரிசியில் இதுவரை யாரும் பார்க்காத பொருள் என்று எனக்குக் கை கால் ஓடவில்லை. நிறையைப் பார்த்தால் 73, 207, 281. அனுபவப்பட்டவர்கள் இதைப் படித்தவுடன் சிரிப்பார்கள், அது சிலாக்சேன், ஃபைபரின் பூச்சும் ரப்பர் மூடியும் சூட்டில் கசிந்து வந்த சொந்தச் சரக்கு. புது ஃபைபரை முதலில் வெறுமனே சூட்டில் வைத்துப் பதப்படுத்த வேண்டும், சிவப்புக்கு 250 டிகிரியில் அரை மணி நேரம், நான் அவசரத்தில் பத்து நிமிஷத்தில் எடுத்துவிட்டேன். பூச்சு சாம்பிளிலிருந்து எடுத்துக்கொள்வது மட்டுமில்லை, சில சமயம் தன் பங்குக்குக் கொடுக்கவும் செய்யும்.

பூச்சுகளை ஒப்பிட்டு வருகிற ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிராஃபீன், உலோக-கரிமச் சட்டகம், அயனித் திரவம், மூலக்கூறு அச்சுப் பதித்த பாலிமர் என்று என்னென்னவோ பூசுகிறார்கள். பென்சில் முனையையே ஃபைபராகப் போட்டு வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அவர்களைத்தான் பிடிக்கும். கட்டுரைக்குக் கட்டுரை ‘எங்கள் பூச்சு கடையில் விற்பதைவிட மேல்’ என்றுதான் முடிகிறது. எதோடு ஒப்பிட்டார்கள் என்று பார்த்தால் பாதி இடத்தில் சிவப்பு ஃபைபரோடு, அதுவும் சிவப்புக்குப் பிடிக்காத பொருளை வைத்து. நோஞ்சானை இழுத்துவந்து குஸ்தி போட்டு மீசையை முறுக்குகிற கதை. அதுவும் போக, ஒரு பூச்சு 100 மைக்ரான், இன்னொன்று 65, மற்றொன்று 75 என்றால் எதை எதோடு ஒப்பிடுகிறோம், பூச்சின் குணத்தையா கனத்தையா? மொத்தப் பீக் பரப்பைக் கூட்டி எது அதிகமோ அது நல்ல ஃபைபர் என்று சொல்வதையும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். மேலே சொன்ன அரிசியில் அப்படிக் கூட்டியிருந்தால் ஹெக்சனாலை வைத்துக் கறுப்பு ஜெயித்திருக்கும், தேடிய பொருள் போன இடம் தெரிந்திருக்காது. எத்தனை நிமிஷம், என்ன சூடு, புது ஃபைபரா நூறு தடவை குத்திய ஃபைபரா என்பதைச் சொல்லாமல் ஒப்பிடுவதும் அப்படித்தான். சூட்டைக் கூட்டினால் பொருள் சீக்கிரம் காற்றுக்கு வரும், ஆனால் பூச்சு பிடித்துவைத்துக்கொள்வது குறையும், இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும்.

நம் ஊர்த் தண்ணீருக்கென்று சில தொந்தரவுகள் தனியாக இருக்கின்றன. ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, எங்கள் வாய்க்காலுக்கு வருகிற புதுத் தண்ணீர் எவ்வளவு கலங்கலாக இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குளோர்பைரிபாஸ் ரகம் அந்தக் களிமண்ணிலும் மக்கிலும் ஒட்டிக்கொண்டே வரும். ஃபைபருக்கு ஏறுவது தண்ணீரில் தனியாகத் திரிகிற பங்கு மட்டும்தான், மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிற பங்கு ஏறாது. மீனின் செவுளுக்குப் போவதும் பெரும்பாலும் அந்தத் தனிப் பங்குதான் என்பதால் சில கேள்விகளுக்கு ஃபைபர் சொல்கிற எண்ணே பொருத்தமானது. ஆனால் மொத்தம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமென்றால் அது போதாது. அதே மாதிரி நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புத் தண்ணீர். தண்ணீரில் உப்பு கூடினால் கரைந்திருக்கிற மற்ற பொருட்களை அது வெளியே தள்ளும், பூச்சில் கொஞ்சம் கூடுதலாக ஏறும். எல்லாக் குப்பியிலும் உப்பை இனிக் கரையாது என்கிறவரை கொட்டிச் சமப்படுத்திவிட்டால் சரி, அப்படிச் செய்யாமல் கும்பகோணத்துக் கிணற்றையும் வேதாரண்யத்துக் கிணற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘அங்கே அதிகம், இங்கே குறைவு’ என்று எழுதினால், நீங்கள் உப்பை அளந்திருக்கிறீர்கள்.

ஆய்வகத்துக்காரர்களை மட்டும் குற்றம் சொல்லவும் எனக்கு மனசில்லை, நானும் அங்கே இருந்தவள்தானே. ஒரு ஃபைபர் விலைக்குச் சில மூட்டை அரிசி வாங்கலாம், புது ஆள் ஒருவர் ஊசியை வளைத்துவிட்டால் முறிந்து போச்சு. அதனால் இருப்பதை வைத்தே எல்லாவற்றையும் ஓட்டுகிற பழக்கம் வருகிறது. மோனோகுரோட்டோபாஸ், இமிடாகுளோபிரிட் மாதிரித் தண்ணீரில் கரைகிறவற்றுக்கு வழி இல்லாமலும் இல்லை. எச்.எல்.பி. என்று ஒரு உறிஞ்சுபொருள் இருக்கிறது, எண்ணெயோடு ஒட்டுகிற டைவினைல்பென்சீனையும் தண்ணீரோடு ஒட்டுகிற வினைல்பைரோலிடோனையும் சேர்த்துச் செய்தது. அதன் வழியாகத் தண்ணீரை ஓட்டிப் பிடித்துவைத்து, சூடாக்காமல் திரவத்திலேயே பிரிக்கிற எல்.சி. மெஷினில் பார்க்கலாம். களைக்கொல்லியான கிளைஃபோசேட்டுக்கு அதுவும் போதாது, அதை வேறொரு பொருளோடு வினைபுரியவைத்து உருமாற்றித்தான் பெரும்பாலும் பார்ப்பார்கள். ஒரே கேன், ஒரே கட்டணம், எல்லா மருந்துக்கும் பதில் என்று யாராவது சொன்னால் நான் இரண்டாவது தடவை கேட்பேன்.

கேட்க வேண்டியதும் பெரிய விஷயம் இல்லை, போனிலேயே கேட்கலாம். பிரித்தெடுக்க எதைப் பயன்படுத்துகிறீர்கள், எந்தப் பூச்சு? ஒவ்வொரு மருந்துக்கும் உங்களால் குறைந்தபட்சம் எவ்வளவு அளக்க முடியும், அதை என்.டி.க்குப் பக்கத்தில் எண்ணாகப் போட்டுத் தருவீர்களா? என் தண்ணீரிலேயே தெரிந்த அளவு மருந்தைக் கலந்து அதில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்த்தீர்களா? 17025 என்ற சர்வதேச ஆய்வகத் தரத்துக்கான அங்கீகாரம் வைத்திருக்கிற ஆய்வகமாக இருந்தால், எந்தப் பொருளை எந்த முறையில் சோதிக்க அங்கீகாரம் என்று ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள், அதைக் காட்டச் சொன்னால் காட்டுவார்கள். ‘மோனோகுரோட்டோபாஸ்: 50 மைக்ரோகிராமுக்குக் கீழே எங்களால் பார்க்க முடியாது’ என்று ஒரு ஆய்வகம் எழுதிக்கொடுத்தால் எனக்கு அந்த ஆய்வகத்தின் மேல் மரியாதைதான் கூடும். அப்புறம் அந்தத் தண்ணீரை வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாமல்லவா.

உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். அந்தப் பக்கத்தை மறுபடி போடும்போது அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, தண்ணீரைப் பழுப்புக் கண்ணாடி பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து, முடிந்தால் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள் என்று போடுங்கள். சித்தப்பா நான் சொன்னதைக் கேட்டு மருந்துக்கடையில் அப்படி இரண்டு பாட்டில் வாங்கிப் பரணில் வைத்தார். ஒன்றில் சித்தி தேன் ஊற்றிவிட்டார், கேட்டால் “மீனு செத்தப்ப பாத்துக்கலாம்” என்கிறார். இன்னொன்று பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
முன்னாள் ஆய்வக ஊழியர் ஒருவர்,
கும்பகோணத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்திலிருந்து.